எந்தக் குதிரைக்கு எவ்வளவு கொள்ளு? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்து லாயங்கள் பலவற்றில் மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட்டு இழுக்கும் குதிரை, பந்தயத்துக்குப் பழக்கும் குதிரை, தோப்பில் ஆசைக்குக் கட்டியிருக்கும் மட்டம் என்னும் குட்டை இனக் குதிரை ஆகிய மூன்றும் ஒரே படியில்தான் கொள்ளு தின்கின்றன. வைகையில் இறங்கும் அழகரின் தங்கக் குதிரைக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை இல்லை.

முதல் தவறு படியே. ஒரு படி கொள்ளையும் ஒரு படி கோதுமைத் தவிட்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். கொள்ளு ஏறக்குறைய மூன்று மடங்கு கனக்கும். ஊறிய கொள்ளோ உப்பிப்போய் வேறு கணக்குக் காட்டும். காய்ந்த தானியத்தை எடை போட்டு எடுத்து, பிறகு ஊற வையுங்கள்.

குதிரையின் எடையையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தையல்காரர் டேப் போதும். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஓரளவு சரியாக வந்துவிடும். சுற்றளவு 150, நீளம் 135 உள்ள மட்டம் சுமார் 256 கிலோ. அதற்கு உலர்ந்த கணக்கில் நாளுக்கு நாலு கிலோ புல்லோ சோளத்தட்டையோ குறையாமல் போக வேண்டும். பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதை நாலைந்து மடங்கு கூட்டிப் போட வேண்டும்.

தானியம் அதற்குப் பிறகுதான், அதுவும் வேலை செய்கிற குதிரைக்குத்தான். ஒரு வேளைக்கு உடல் எடையில் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த மட்டத்துக்கு ஒன்றேகால் கிலோ. அது உச்சவரம்பு, தினப்படி அல்ல. மக்காச்சோளம் என்றால் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குதிரையின் இரைப்பை சிறியது, அதற்கு வாந்தியும் வராது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் கொண்டுவரும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. சாரட்டுக் குதிரை சும்மா நிற்கும். கொள்ளு மட்டும் வைகாசி அளவிலேயே விழும். கெடுதல் பெரும்பாலும் இங்கேதான் என்பேன். வேலை நின்ற அன்றே தானியத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். கூட்டும்போது மட்டும் பத்து நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிக்கொண்டே பருத்த மட்டத்துக்குக் கொள்ளு போடுபவர்களும் உண்டு. குதிரை கொள்ளு தின்று இளைக்காது. விலா மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்பட்டால் சரி. அழுத்தினாலும் தட்டுப்படவில்லை, பிடரி மேடிட்டுக் கெட்டியாக இருக்கிறது என்றால் கொள்ளையே நிறுத்திவிடலாம், புல் போதும்.

தவிடு மலிவு என்று தினமும் அள்ளிப் போடுவதும் ஆபத்துதான். அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். நாளடைவில் எலும்பு பலம் இழந்து முகம் வீங்கும். வைக்கோலும் இந்தக் குறையை ஈடுகட்டாது. குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் கிடைத்தால் கொஞ்சம் சேருங்கள்.

சினைக்குதிரைக்குக் கடைசி மூன்று மாதமும், குட்டி பால் குடிக்கும் முதல் மூன்று மாதமும் தானியம் கூடுதலாக வேண்டும். பல் தேய்ந்த கிழக்குதிரை இளைத்தால் அளவைக் கூட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.