சளி பிடித்த அன்றே ஆஸ்துமாவைக் கவனியுங்கள்

மூக்கு ஒழுகத் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சாதாரண சளியைத் தரும் ரைனோ வைரஸின் சளி இழுப்பாக மாறப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். ஆஸ்துமாக்காரர் கையில் இருக்கும் அவகாசம் அதுதான்.

வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். ஆஸ்துமா உள்ள பலருக்கு இது தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது. அதற்குள் வைரஸ் பெருகிவிடும். அடிபட்ட செல்கள் ஈயோசினோஃபில் வெள்ளணுக்களைக் கூப்பிட, மூச்சுக்குழாய் வீங்கி, கோழை அடைக்கும். தூசிப்பூச்சி, கரப்பான் ஒவ்வாமையும் சேர்ந்திருந்தால் இன்டர்ஃபெரான் இன்னும் மட்டுப்படும். அதே சளி அண்ணனுக்கு மூக்கோடு போக, தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இப்படித்தான்.

ஆகவே இழுப்பு இல்லாத நாளிலும் ஸ்டீராய்டு இன்ஹேலரை விடாதீர்கள். அது ஒவ்வாமை வீக்கத்தை முன்கூட்டியே தணித்து வைக்கிறது. 'நல்லாத்தான இருக்கு' என்று ஆடியில் நிறுத்தி, ஐப்பசி மழையில் திணறுபவர்கள் நிறையப் பேர். இந்த இன்ஹேலரை எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

இழுப்பு வந்தால் உடனே மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து சால்பூட்டமால்; இன்ஹேலரில் ஒரு பஃப் (ஒரு அழுத்து) 100 மைக்ரோகிராம். இன்ஹேலரைக் குலுக்கி, அதில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசரில் ஒரே ஒரு பஃப் அழுத்தி, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டைச் சேர்த்து அழுத்தினால் மருந்து சுவரில் ஒட்டி வீணாகும். ஸ்பேசரைத் துணியால் துடைத்தாலும் நிலைமின்சாரம் ஏறி அதே கதிதான். சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலரவிடுங்கள்.

மெடிக்கலில் வாங்கும் 'சளி செட்' மாத்திரையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மருந்துகள் இருக்கலாம். சிலருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கொதிநீர் கொட்டிவிடும்.

திருப்பூர், பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இருப்பவர்கள், சளி உள்ள வாரம் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் பகுதிகளைத் தவிர்த்து வேறு இடம் கேட்டு வாங்குங்கள். பஞ்சுத்தூசு புண்பட்ட குழாயை மேலும் உறுத்தும்.

மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால் காலையும் மாலையும் ஊதுங்கள். உங்கள் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி மருந்தைக் கூட்டுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108. வண்டி வரும்வரை பெரியவர்களுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பேசர் வழியாகச் சால்பூட்டமால் 4 முதல் 10 பஃப் கொடுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள்.