ஜிஎஸ்டியில் புது அறிவிப்பு வந்தால் பில்லிங் இணைப்பில் எதைத் தொடுவது, எப்போது தொடுவது

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் முடிந்ததுமே, 12, 28 சதவீத அடுக்குகள் போகின்றன என்ற செய்தி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடியது. சட்டப்படி செல்லும் விகித அறிவிக்கை வந்தது செப்டம்பர் 17. நடைமுறைக்கு வந்தது 22. செய்தியை நம்பி 4-ஆம் தேதியே ஐட்டம் மாஸ்டரை (பொருள்களின் வரி விகிதம் இருக்கும் பட்டியல்) மாற்றினால் பதினெட்டு நாள் பில்லும் தப்பு. அறிவிக்கை வரட்டும் என்று கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால், மிச்சம் இருப்பது ஐந்து நாள். அதில் ஒரு சனி, ஞாயிறும் அடக்கம்.

ஈஆர்பியை (நிறுவனத்தின் கணக்கு, விற்பனை மென்பொருள்) இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு தளத்தில் பதிவது), இ-வே பில் (சரக்கை அனுப்பும்போது எடுக்கும் சீட்டு) போர்ட்டல்களோடு இணைத்துக் கொடுப்பவர்களுக்கு இந்த இழுபறி வருடத்துக்கு நான்கைந்து முறை வரும். கோட் எழுதுவது இதில் சின்ன பங்குதான். வந்த காகிதம் எந்த வகை, அது எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறது, நம் டேபிளில் எந்த ஃபீல்டைத் தொடுகிறது என்ற மூன்றையும் சரியாகப் படித்துவிட்டால் மற்றது தானாக வரும்.

எந்தக் காகிதம் வந்திருக்கிறது?

கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு வரும் பத்திரிகைக் குறிப்பு பரிந்துரை மட்டுமே. அதை வைத்து வேலையைத் திட்டமிடலாம். ப்ரொடக்‌ஷனில் (நிஜ பில்கள் ஓடும் சிஸ்டத்தில்) எதையும் மாற்றக் கூடாது. மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிடும் அறிவிக்கைதான் சட்டம். சுற்றறிக்கை, இருக்கும் சட்டத்துக்கு விளக்கம். ஜிஎஸ்டியின் கணினி அமைப்பை நடத்தும் ஜிஎஸ்டிஎன் வெளியிடும் அட்வைசரி, போர்ட்டல் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது. டெவலப்பருக்கு அதிகம் உதவுவது இதுதான். ஐந்தாவதாக, என்ஐசியின் (தேசிய தகவலியல் மையம்) ஏபிஐ சாண்ட்பாக்ஸ் (இணைப்பைச் சோதித்துப் பார்க்கும்) தளத்தில் வரும் வெளியீட்டுக் குறிப்பு. எந்த ஃபீல்டில் புது சரிபார்ப்பு, எந்தப் பிழை எண் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஆடிட்டர் முதல் நான்கைப் பார்ப்பார். ஐந்தாவதை அவர் பார்க்க மாட்டார், பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே டீமில் ஒருவர் காலையில் ஐந்து நிமிடம் ஜிஎஸ்டி போர்ட்டலின் செய்திப் பகுதி, இ-இன்வாய்ஸ் போர்ட்டல், இ-வே பில் போர்ட்டல், சாண்ட்பாக்ஸ் தளம் என்ற நான்கையும் திறந்து பார்க்க வேண்டும். இடையில் ஜிஎஸ்பி (போர்ட்டலுக்கு இணைப்பு தரும் இடைநிலை நிறுவனம்) ஒருவர் மூலமாகப் போகிறீர்கள் என்றால் அவர்கள் மெயிலும் ஐந்தாவதாகச் சேரும். அரசு எதையும் மாற்றாத வாரத்தில் ஜிஎஸ்பி தன் முகவரியையோ சான்றிதழையோ மாற்றி, இணைப்பு உடைவது சகஜம்.

படித்ததை ஒரு ஷீட்டில் ஒரு வரியாகப் போடுங்கள்: அறிவிப்பு எண்ணும் நாளும், அமலுக்கு வரும் நாள், யாருக்குப் பொருந்தும் என்ற விற்றுமுதல் வரம்பு, எந்தத் தேதியை வைத்துக் கணக்கு, தொடப்படும் ஃபீல்டு, சாண்ட்பாக்ஸில் சோதித்த நாள். ஆறு கட்டம் போதும். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

எந்தத் தேதி?

பில்லில் போட்ட தேதி ஒன்று, அதைப் போர்ட்டலுக்கு அனுப்பும் தேதி இன்னொன்று, சரக்கு போன தேதி மூன்றாவது, பணம் வந்த தேதி நான்காவது. ஒவ்வொரு விதியும் இவற்றில் ஏதோ ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டு பேசும். தப்பான தேதியைப் பிடித்தால் கோட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

இ-இன்வாய்ஸைப் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியைப் பாருங்கள். 2023-இல் இது முதலில் 7 நாள் என்று, மே 1 முதல் என்று வந்தது. பிறகு தள்ளிப்போனது. கடைசியில் அதே ஆண்டு நவம்பர் 1 முதல், 100 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 30 நாளாக வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடிக்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நாள், வரம்பு, தொடக்கம் மூன்றுமே மாறியிருக்கின்றன. ஆக இந்த மூன்றும் கோடில் எண்ணாக இருக்கக் கூடாது, கான்ஃபிக் டேபிளில் வரிசையாக இருக்க வேண்டும்.

கணக்கு எப்படி? ஜிஎஸ்டிஎன் தந்த உதாரணம்: ஏப்ரல் 1 தேதியிட்ட பில்லை ஏப்ரல் 30-க்குப் பிறகு அனுப்ப முடியாது. அதாவது பில் தேதியே முதல் நாள். கோடில் தேதியோடு 30-ஐக் கூட்டினால் மே 1 வரும். ஒரு நாள் தள்ளிப்போய்விடும். கூட்ட வேண்டியது 29. கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்), டெபிட் நோட்டுக்கும் (கூட்டும் ஆவணம்) இதே கணக்குதான், அவற்றின் சொந்தத் தேதியிலிருந்து. கடைசி நாளில் எச்சரிப்பது உதவாது. 20-ஆம் நாள் மஞ்சள், 26-ஆம் நாள் சிவப்பு என்று பில்லிங் திரையிலேயே காட்டுங்கள். தாமதமாகும் பில்கள் பெரும்பாலும் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) தவறாக இருந்து பிழையில் நிற்பவைதான். அதைச் சரிசெய்ய எதிர்த் தரப்பைப் பிடித்துப் பேசவே நான்கைந்து நாள் ஆகும்.

இ-வே பில்லில் கணக்கு வேறு மாதிரி. 2025 ஜனவரி 1 முதல், 180 நாளுக்கு மேல் பழைய ஆவணத்துக்கு இ-வே பில் போட முடியாது. ஏற்கெனவே போட்டதை நீட்டிப்பதற்கும் உருவாக்கிய நாளிலிருந்து 360 நாள்தான். மெஷினரி மாதிரி பில் முன்னாலும் சரக்கு பின்னாலும் போகும் தொழில்களில் இது கடிக்கும். 30 நாளையும் 180 நாளையும் ஒரே ஃபங்க்‌ஷனில் அடைக்காதீர்கள்.

சர்வர் கடிகாரம் தனி ஆபத்து. கிளவுட் சர்வர் யூடிசியில் (நமக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடினால், நம் நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அங்கே நேற்றைய தேதிதான். இரவு ஷிஃப்ட் ஓடும் குடோனில் 1-ஆம் தேதி விடியற்காலை போட்ட பில், முந்தின மாதத் தேதியில் விழும். ஏப்ரல் 1 என்றால் நிதியாண்டே மாறிவிடும்.

வரம்பில் வருகிறாரா?

இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-இல் 500 கோடியில் தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. விற்றுமுதல் கணக்கு பான் அடிப்படையில். சென்னை, பெங்களூரு, மும்பை என்று மூன்று பதிவு வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றிலும் 2 கோடி என்றால் மொத்தம் 6, உள்ளே வந்துவிட்டார். 2017-18 முதல் எந்த ஒரு ஆண்டில் தாண்டியிருந்தாலும் போதும், பிறகு குறைந்தது என்பது வெளியே போகக் காரணமாகாது. ஜிஎஸ்டிஐஎன் வாரியாக டிக் பாக்ஸ் வைத்திருக்கும் மென்பொருள்கள் இங்கேதான் சறுக்குகின்றன. அந்த டிக்கைப் பான் மட்டத்துக்கு ஏற்றுங்கள்.

விகிதம் மாறும்போது

ஐட்டம் மாஸ்டரில் விகிதம் ஒரே ஒரு கட்டமாக இருந்தால், அடுத்த மாற்றத்துக்கு முன் அதை உடைத்துப் போடுங்கள். எச்எஸ்என் (பொருளின் வகைக் குறியீடு), விகிதம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று தனி டேபிள். பழைய வரியை அழிக்காதீர்கள். முடிவு நாளை மட்டும் நிரப்புங்கள். செப்டம்பர் 21 தேதியில் பில்லான துணியோ சிமென்டோ நவம்பரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய விகிதம்தான் வர வேண்டும். கிரெடிட் நோட் போடும்போது இன்றைய மாஸ்டரைத் தேடாமல், மூல பில்லின் வரியிலிருந்தே விகிதத்தை எடுப்பது பாதுகாப்பு.

28 சதவீதம் போய்விட்டது என்று அன்றே டிராப்-டவுனிலிருந்து அதைத் தூக்கியிருந்தால் அதுவும் தவறு. செப்டம்பர் 22 அன்று பான் மசாலா, சிகரெட் போன்றவற்றுக்குப் பழைய விகிதமே தொடர்ந்தது. தலைப்புச் செய்தியை வைத்து டேபிளைத் திருத்தினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். அறிவிக்கையின் அட்டவணையை எச்எஸ்என் வாரியாக ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாறும் நாளின் இரு பக்கமும் கால் வைத்து நிற்கும் பில்களுக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-வது பிரிவு வழி சொல்கிறது. சரக்கு கொடுத்தது, பில் போட்டது, பணம் வந்தது ஆகிய மூன்றில் எந்தப் பக்கம் இரண்டு விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம். மாறும் நாள் 22 என்றால், பணம் 18-இல் வந்து, சரக்கு 20-இல் போய், பில் 23-இல் போட்டால் பழையது. சரக்கு மட்டும் 20-இல் போய், பில்லும் பணமும் பிறகு என்றால் புதியது. இதை முழுக்கத் தானியங்கி ஆக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மாறும் நாளுக்கு முன்பின் பத்து நாள் டெலிவரி சலான் இணைந்த பில்களை மட்டும் நிறுத்தி, கணக்குப் பிரிவிடம் ஒரு முறை கேட்கும்படி வைத்தால் போதும்.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து

2025 ஜூன் 1 முதல் பில் எண்ணில் ஆங்கிலச் சின்ன எழுத்து இருந்தால் போர்ட்டல் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. படிக்க ஒரு வரி, வேலை அதிகம். ஐஆர்என் (ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் உரிய பதிவு எண்) என்பது விற்பவர் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நான்கையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 முறையில் எடுத்த 64 எழுத்து ஹாஷ். உங்கள் பக்கம் சின்ன எழுத்தில் ஹாஷ் எடுத்துச் சரிபார்த்தால், வரும் ஐஆர்என் ஒருபோதும் பொருந்தாது.

இன்னொன்று. ஒரு கிளையில் சின்ன எழுத்திலும் இன்னொரு கிளையில் பெரிய எழுத்திலும் ஒரே வரிசை ஓடினால், இரண்டாவது பில் 2150 என்ற நகல் பிழையில் நிற்கும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறு வேறு என்று ஏற்றுக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்பில் ஒன்று என்று தடுக்கும். தரவுத்தளத்தை நம்பாமல், பில் எண் உருவாகும் இடத்திலேயே பெரிய எழுத்தாக்கிச் சேமியுங்கள். நடப்பு ஆண்டின் எண்களைப் பெரிய எழுத்தாக்கிக் குழு பிரித்து, ஒன்றுக்கு மேல் வருவதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கையோடு 16 எழுத்துக்கு மேல் போகும் எண்கள், பூஜ்யத்திலோ சாய்கோட்டிலோ ஹைஃபனிலோ தொடங்கும் எண்கள் ஆகியவற்றையும் பிடித்துவிடலாம், அவையும் செல்லாது.

2150 வந்தால் பதறாதீர்கள்

மாற்றம் அமலாகும் நாளில் போர்ட்டலில் நெரிசல் இருக்கும். பில்லை அனுப்புவீர்கள், பதில் வருவதற்குள் டைம்-அவுட் ஆகும். அங்கே ஐஆர்என் உருவாகியிருக்கும், இங்கே தெரியாது. மறுபடி அனுப்பினால் 2150. அந்தப் பதிலிலேயே, தகவல் பகுதியில், முன்பு உருவான ஐஆர்என்னும் ஒப்புகை எண்ணும் நாளும் வந்திருக்கும். அதை எடுத்துப் பதிந்துகொண்டு பில்லை வெற்றி என்று முடிக்க வேண்டும். இதைப் பிழையாகக் காட்டும் மென்பொருளில், பில் போடுபவர் எண்ணை மாற்றிப் புது பில் போடுவார். ஒரே சரக்குக்கு இரண்டு ஐஆர்என். ரத்து செய்ய 24 மணி நேரம்தான். தாண்டினால் கிரெடிட் நோட். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

1005 என்ற பிழை எண் வந்தால் டோக்கன் (போர்ட்டலில் நுழையத் தரும் தற்காலிக அனுமதிக் குறியீடு) செல்லாது. ப்ரொடக்‌ஷனில் டோக்கன் ஆறு மணி நேரம் நிற்கும். ஒவ்வொரு பில்லுக்கும் புது டோக்கன் கேட்பது வீண் சுமை. ஒரு ஜிஎஸ்டிஐஎன்னுக்கு ஒரு டோக்கன், எல்லா வொர்க்கரும் (பில்களை அனுப்பும் புரோகிராம்கள்) அதையே பகிரட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வொர்க்கர் புதுப்பிக்கட்டும். 1005 வந்தால் ஒரு முறை டோக்கன் வாங்கி ஒரு முறை மட்டும் மறுபடி முயலுங்கள். 3028, 3029 வகைப் பிழைகள் ஜிஎஸ்டிஐஎன் பற்றியவை, 3039 பின்கோடும் மாநிலமும் பொருந்தாதது. இவற்றை எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் போகாது. நேராக மனிதரின் பார்வைக்கு அனுப்புங்கள்.

மாற்றும் நாள்

சாண்ட்பாக்ஸில் ஓட்ட பத்து மாதிரி பில்கள் நிரந்தரமாக இருக்கட்டும்: மாநிலத்துக்குள், வெளி மாநிலம், வரி கட்டியும் கட்டாமலும் எஸ்இஇசட் (சிறப்புப் பொருளாதார மண்டலம்), ஏற்றுமதி, கிரெடிட் நோட், ரவுண்ட்-ஆஃப் ஒரு ரூபாய்க்குள் வருவது, அதைத் தாண்டுவது, 30-ஆம் நாள், 31-ஆம் நாள். கடைசி இரண்டுக்கும் தேதியை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுப் போட வேண்டும், எழுதிவைத்த தேதி அடுத்த மாதம் உதவாது.

11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) தாக்கல். இந்த இரண்டுக்கும் முந்தைய மூன்று நாளில் புது கோடை ஏற்றாதீர்கள். விதி 1-ஆம் தேதி அமல் என்றால், கோடை 22, 23-ஆம் தேதிகளிலேயே ஏற்றிவிட்டு, டேபிளில் தொடக்க நாளை வைத்துத் தூங்க விடுங்கள். நள்ளிரவில் விழித்திருந்து டிப்ளாய் செய்வதெல்லாம் டேபிள் இல்லாதவர்கள் படும் பாடு.

முதல் நாள் காலை முதல் ஐம்பது பில்லின் பதிலைக் கண்ணால் பாருங்கள். பிறகு அடுத்த மாதம் 8, 9 தேதிகளில், ஜிஎஸ்டிஆர்-1-இல் இ-இன்வாய்ஸிலிருந்து தானாக நிரம்பிய வரிகளை இறக்கி, ஈஆர்பியின் விற்பனைப் பதிவேட்டோடு பில் எண், வரி மதிப்பு, விகிதம் மூன்றையும் ஒப்பிடுங்கள். அங்கே இல்லாமல் இங்கே மட்டும் இருப்பவை அனுப்பாமல் நிற்பவை. 30 நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றை முதலில் எடுங்கள்.