சின்ன கேஸ்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

கடையில் நாமே பில் போடும் மெஷினில் ஒரு பொருள் ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போய்விட்டது. வாசலில் நிறுத்தி, போலீஸை வரவழைத்து, கோர்ட் தேதி போட்ட தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். என் நண்பர் அமெரிக்கா வந்து எட்டாவது மாதம் இது.

டெக்சாஸில் கோர்ட் தாழ்வாரத்து பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அரசுத் தரப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. "ஒரு வருஷம் ப்ரொபேஷன் (ஜெயில் இல்லாமல் கோர்ட் கண்காணிப்பில் இருப்பது), ஒழுங்காக இருந்தால் கேஸ் தள்ளுபடி" என்றார்கள். அவர் நிம்மதியாகப் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். 'கில்டி', அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்ற வார்த்தை நடுவில் இருந்தது. கையெழுத்துப் போடாமல் வாய்தா கேட்டோம்.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஃபர்டு அட்ஜூடிகேஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைப்பது. முடித்துவிட்டால் மாநிலச் சட்டப்படி குற்றத் தீர்ப்பு இல்லை. ஆனால் 1996-இல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ப்ரொபேஷன் மாதிரி ஏதாவது ஒரு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டாலே, விசா விஷயத்தில் அது குற்றத் தீர்ப்புதான். கோர்ட் பிறகு தள்ளுபடி செய்தாலும் மாறாது. திருட்டு வழக்கென்றால் விசா, கிரீன் கார்டு வரை இடிக்கும்.

டைவர்ஷன் வேறு. ஒப்புக்கொள்ளாமலே வழக்கை நிறுத்திவைத்து, வகுப்பு, சமூக சேவை, நஷ்டஈடு என்று கொடுப்பார்கள், முடித்தால் தள்ளுபடி. கலிஃபோர்னியாவில் 2021 முதல், அரசு வக்கீல் மறுத்தாலும் நீதிபதியே மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்ற வழக்கில் 24 மாதம் வரை இப்படி நிறுத்திவைக்கலாம். குடும்ப வன்முறை மாதிரி சில வழக்குகளுக்கு மட்டும் கிடையாது. நியூயார்க்கில் இதுபோன்ற ஒத்திவைப்பை ஏசிடி என்பார்கள். பெரும்பாலும் ஆறு மாதம். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டைவர்ஷன் என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே ஒப்புதல் வாக்குமூலம் கேட்கும் இடங்களும் உண்டு.

அதனால் கிரிமினல் வக்கீலிடம் முதல் நாளே உங்கள் விசா என்ன என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் விசாவுக்கு என்ன ஆகும் என்று எச்சரிப்பது அவர் கடமை என்று 2010-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முடிந்தால் குடியேற்ற வக்கீலிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். இங்கிலீஷில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கூச்சப்பட்டுத் தலையாட்டுவதுதான் ஆபத்து.

அப்புறம், கேஸ் முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் முத்திரையிட்ட தள்ளுபடி உத்தரவை நாலைந்து பிரதி வாங்கி வையுங்கள். கேஸ் பதிவை அழிக்கச் சொல்லி விண்ணப்பிப்பதாக இருந்தால், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனாலும், கிரீன் கார்டு படிவத்திலும், "கைதானது உண்டா" என்று கேட்பார்கள். கேஸ் தள்ளுபடியானாலும் மறைக்காமல் பதில் சொல்லி, அந்தத் தாளை நீட்ட வேண்டும்.