எதை எங்கே தேடுவது? பலரும் செய்யும் தவறுகள்

“இந்தக் கணக்கு எண்ணைக் கூகுள்ல தேடிட்டேன், தப்பா ஒண்ணும் வரல. பணத்தைப் போட்டுடலாமா?” கோலாலம்பூர், பினாங்கு குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. போடுவதற்கு முன்பே கேட்கிறார்களே, அதுவரை நல்லது. ஆனால் தேடிய இடம்தான் சரியில்லை.

கூகுளின் நிரல் பக்கத்துக்குப் பக்கம் இணைப்பைப் பிடித்துக்கொண்டே போகும். கட்டத்தில் எண்ணைத் தட்டினால் மட்டும் விடை சொல்லும் தளங்களுக்குள் அது பொதுவாக நுழைவதில்லை. வங்கிக் கணக்கு விவரம் அந்த வகை. அதற்கு மலேசியப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளம் இருக்கிறது. கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன் மீது போலீஸ் புகார் உண்டா என்று காட்டும். இங்கேயும் சறுக்குகிறவர்கள் உண்டு. புகார் இல்லை என்று வந்துவிட்டால் நல்ல கணக்கு என்று நம்பிவிடுவார்கள். இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நேற்றுத் திறந்த கணக்கு மீது இன்றைக்குள் எப்படிப் புகார் இருக்கும்? பணம் போய்விட்டால் எங்கேயும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள்.

மருந்து விஷயமும் இப்படித்தான். மூட்டுவலி மாத்திரையின் பெயரைக் கூகுளில் போட்டால் விற்பவர்களின் புகழுரைதான் வந்து குவியும். பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதை மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் ‘குவெஸ்ட் 3 பிளஸ்’ தேடலில் போடுங்கள். எண் கிடைத்ததோடு விட்டுவிடாமல், அங்கே வரும் மருந்தின் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். வேறொரு மருந்தின் எண்ணை அச்சடித்துக்கொள்வது பெரிய வேலையில்லை.

கூகுளில் கிடைக்காததை யாஹூவில் தேடி, பிறகு டக்டக்கோவில் தேடி, அப்புறம் பிங்கிலும் தேடுவது வீண் அலைச்சல். முதல் இரண்டும் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங்கிடமிருந்துதான் விடைகளை வாங்கித் தருகின்றன. டக்டக்கோவின் பயன் வேறு. யார் எதைத் தேடினார்கள் என்று சேர்த்து வைப்பதில்லை என்று அது உறுதி சொல்கிறது. நோய், கடன் மாதிரி விஷயங்களுக்கு நான் அதைத்தான் திறப்பேன்.

லைசென்ஸ், ரோட் டேக்ஸ் போன்ற அரசாங்க வேலைகளை ஆங்கிலத்தில் தேடினால் ஏஜெண்டு விளம்பரங்கள் முந்திக்கொண்டு வரும். மலாயில் தேடுங்கள். கூடவே ஆங்கில எழுத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ‘ஜிஓவி.எம்ஒய்’ சேர்த்தால் அரசாங்கத் தளங்கள் மட்டும் வரும்.

“இன்றைக்குக் கிள்ளானில் வெள்ளம்” என்று படம் வந்தால், வார்த்தையில் தேடாதீர்கள். படத்தை வைத்தே தேடும் ‘டின்ஐ’ தளத்தில் அந்தப் படத்தைப் போட்டுப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் படமென்றால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது பழைய செய்தித் தேடல். தாத்தா ‘ரஜூலா’ கப்பலில் வந்தார் என்ற பேச்சு இங்கே பல வீடுகளில் உண்டு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. கூகுளில் கப்பலின் படமும் சில நினைவுக் கட்டுரைகளும் கிடைக்கும். அது எந்தத் தேதியில் பினாங்கைத் தொட்டது என்பதைத் தேட சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’க்குப் போக வேண்டும். மலாயாவின் பழைய ஆங்கில நாளிதழ்கள் அங்கே இருக்கின்றன, பினாங்கின் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ உட்பட. தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடுவதில் பயனில்லை. டெக்கில் படுத்து வந்தவர்களின் பெயரைப் பத்திரிகைகள் பொதுவாகப் போட்டதில்லை, மேல்வகுப்புப் பயணிகளுக்குத்தான் அந்த மரியாதை. கப்பலின் பெயரைப் போட்டு, வீட்டில் சொல்லும் வருடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம் தள்ளிப் பாருங்கள். பழைய தாள்களை இயந்திரம் படித்தெடுத்த எழுத்தில்தான் அங்கே தேடல் நடக்கிறது. மங்கிய அச்சை அது தப்பாகப் படித்திருந்தால் கப்பலின் பெயர் சிக்காது. அப்போது ஊர்ப் பெயரில் தேடலாம். ஆனால் அந்தக் கால ஆங்கிலப் பத்திரிகைகள் நாகப்பட்டினத்தை ‘நெகபட்டம்’ என்றுதான் எழுதின.