இரண்டு ஆபீஸிலும் ஒரே 192.168.1: நாட் போட்டு இணைப்பது எப்படி

இரண்டு ஆபீஸுக்கும் நடுவே ஐபிசெக் டனல் (இணையத்தின் வழியே போகும் மறையாக்கப் பாதை) எழும்பிவிட்டது, ஆனால் இரண்டு பக்கமும் ஓடுவது அதே 192.168.1.0/24. அங்கே இருக்கும் 192.168.1.20-ஐக் கூப்பிட்டால், அது நம் பக்கத்து மெஷின் என்றே கணினி எடுத்துக்கொள்ளும், பாக்கெட் ரவுட்டர் பக்கமே வராது. சின்ன ஆபீஸாக இருந்தால் ஒரு பக்கத்து ஐபிகளை மொத்தமாக மாற்றிவிடுங்கள், அதுதான் நல்லது. பிரிண்டர், கேமரா, சர்வர் என்று எல்லாவற்றிலும் ஐபியைக் கையால் போட்டு வைத்திருக்கிற இடத்துக்குத்தான் இந்த நாட் வழி, அதாவது பாக்கெட் கடக்கும்போது ரவுட்டரே அதன் ஐபி முகவரியை மாற்றிப் போடுவது.

இங்கே சொல்வது மைக்ரோடிக் ரவுட்டருக்கு. அதை அமைக்கும் வின்பாக்ஸ் மென்பொருளிலேயே செய்யுங்கள், ரூல்களின் வரிசை கண்ணுக்கு நேராகத் தெரியும், இந்த வேலையில் வரிசைதான் எல்லாம்.

முதலில் ஆளுக்கொரு மாற்று முகவரி. ஆபீஸ் 1 வெளியே 10.10.1.0/24 ஆகவும், ஆபீஸ் 2 வெளியே 10.10.2.0/24 ஆகவும் தெரியட்டும். ஐபிசெக் பாலிசியிலும் (எந்த முகவரிகள் டனலில் போக வேண்டும் என்ற விதி) இந்த இரண்டுதான் வர வேண்டும், 192.168.1.0 அங்கே வரவே கூடாது.

அப்புறம் ஆபீஸ் 1 ரவுட்டரில் ஐபி, ஃபயர்வால், நாட் போய் இரண்டு ரூல். எஸ்ஆர்சி-நாட் செயினில் (சோர்ஸ் முகவரியை மாற்றும் ரூல் வரிசை) சோர்ஸ் 192.168.1.0/24, டெஸ்டினேஷன் 10.10.2.0/24, ஆக்‌ஷன் நெட்மேப், மாற்று முகவரி 10.10.1.0/24. டிஎஸ்டி-நாட் செயினில் (டெஸ்டினேஷன் முகவரியை மாற்றுவது) டெஸ்டினேஷன் 10.10.1.0/24, ஆக்‌ஷன் நெட்மேப், மாற்று முகவரி 192.168.1.0/24. ஆபீஸ் 2-இல் 10.10.1-ம் 10.10.2-ம் இடம் மாறும், அவ்வளவுதான். நெட்மேப் கடைசி எண்ணைத் தொடாது, அதனால் அந்தப் பக்கத்து 192.168.1.20-க்கு இனி 10.10.2.20 என்று கூப்பிட வேண்டும்.

இப்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். புது ரூல் பட்டியலின் அடியில் போய் உட்காரும், மேலே இணையத்துக்கான மாஸ்கரேட் ரூல் (உள் ஐபியை ரவுட்டரின் பொது ஐபியாக மாற்றுவது) இருக்கும். வெளியே போகும் பாக்கெட்டுக்கு நாட் முதலில் நடக்கிறது, ஐபிசெக் பாலிசி அதற்குப் பிறகுதான் பார்க்கப்படுகிறது. மாஸ்கரேட் முந்திக்கொண்டால் சோர்ஸ் உங்கள் பொது ஐபியாக மாறிவிடும், பாலிசியோடு பொருந்தாது, பாக்கெட் டனலை விட்டு இணையத்துக்குப் போய்த் தொலையும். டனல் நன்றாக இருப்பதாகவே காட்டும், அதனால் மணிக்கணக்கில் டனலையே நோண்டிக்கொண்டிருப்பீர்கள். மாஸ்கரேட்டில் ஐபிசெக் பாலிசி 'அவுட், நன்' (ஐபிசெக்கில் போகாத பாக்கெட்டுக்கு மட்டும்) என்று இருந்தாலும் நம்பாதீர்கள், அது பார்ப்பது மாறுவதற்கு முந்தைய முகவரியை. எஸ்ஆர்சி-நாட் ரூலை இழுத்து மாஸ்கரேட்டுக்கு மேலே வையுங்கள். உடனே கனெக்‌ஷன்ஸ் டேப்பில் 10.10.2 தொடர்புள்ள பழைய பதிவுகளை அழியுங்கள். ஏற்கெனவே ஓடும் இணைப்புகள் பழைய நாட்டையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சோதிக்க, ரவுட்டரிலிருந்து பிங் வேண்டாம், அதன் சோர்ஸ் வெளி ஐபியாகப் போகும். உள்ளே ஒரு கணினியிலிருந்து 10.10.2.20-க்கு அடியுங்கள், நெட்மேப் ரூலின் கவுன்ட்டர் ஏறினால் சரி.

பின்சேர்க்கை: பிங் போகிறது, ஃபைல் காப்பி மட்டும் நின்று நின்று போகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஃபாஸ்ட்ட்ராக் ரூலைப் பாருங்கள், வேகத்துக்காக அது ஓடும் இணைப்பின் பாக்கெட்டுகளை ஐபிசெக் பாலிசியைப் பார்க்காமலே தாண்டவிடும். ஃபார்வர்ட் செயினில் அதற்கு மேலே இரண்டு அக்செப்ட் ரூல் வேண்டும்: ஆபீஸ் 1-இல் சோர்ஸ் 10.10.2.0/24 என்று ஒன்று, டெஸ்டினேஷன் அதே முகவரி என்று இன்னொன்று. ஆபீஸ் 2-இல் அதுவே 10.10.1.0/24.