ஸ்காலர்ஷிப் விண்ணப்பம்: மார்க் இருந்தும் கோட்டை விடுவது எங்கே?

வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகை கிடைக்கவில்லை என்றதும் பலரும் மார்க்கைத்தான் நொந்துகொள்வார்கள். மார்க்கைப் பார்க்கும் கட்டம் வருவதற்குள்ளேயே பல விண்ணப்பங்கள் தகுதி விதிகளில் அடிபட்டுப் போகின்றன.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டத்தோடு 2,800 மணி நேர வேலை அனுபவமும் கேட்பார்கள். ஏறக்குறைய இரண்டு வருட முழுநேர வேலை. இது தெரியாமல், கடைசி வருடம் படிக்கும்போதே ராத்திரி கண்விழித்து விண்ணப்பக் கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. அங்கேயே வேலை தேடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலண்டர். அட்மிஷன் கிடைக்கட்டும், அப்புறம் ஸ்காலர்ஷிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடிவிடும். வகுப்பு தொடங்குவதோ அடுத்த வருடம் செப்டம்பரில். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையில் பொதுவான ஒரே விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு முதுகலைப் படிப்புக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு. கெடு நாள் என்றால் நள்ளிரவு வரை என்றும் எண்ணிவிடாதீர்கள். நண்பகலிலேயே மூடும் தளங்கள் இருக்கின்றன, அதுவும் அந்த நாட்டு நேரப்படி.

பரிந்துரைக் கடிதத்தில்தான் எனக்கு அதிக வருத்தம். கெடுவுக்கு நாலு நாள் முன்பு போய் நின்றால் பேராசிரியர் என்ன எழுதுவார்? "நல்ல மாணவர், ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்." இதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். நீங்கள் செய்த புராஜெக்ட், எந்த உதவித்தொகை, அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க் பெரும்பாலும் அவருடைய மெயிலுக்கே நேராகப் போகும். அது ஸ்பேமில் விழுந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

சரி, கட்டுரைக்கு வருவோம். "உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பது என் சிறுவயதுக் கனவு." இந்த வரியை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம், அதனாலேயே அது செல்லாக்காசு. இதைப் பாருங்கள்: "நான் வேலை பார்த்த மருத்துவமனையில் ஒரே நோயாளியின் விவரத்தை மூன்று நோட்டில் எழுதுவோம். ஒருமுறை மருந்தின் அளவு நோட்டுக்கு நோட்டு மாறியிருந்தது. அதனால்தான் மருத்துவத் தரவு மேலாண்மை படிக்க விரும்புகிறேன்." இந்த ஆளை நேர்காணலுக்குக் கூப்பிடத் தோன்றும். ஒரே கட்டுரையை நாலு இடத்துக்கு அனுப்பி, ஒன்றில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்துவிடுவதும் நடக்கிறது. அதற்கு மன்னிப்பே கிடையாது.

சின்னச் சின்ன விஷயங்களும் காலை வாரும். ஐஈஎல்டிஎஸ், டோஃபெல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்கள் இரண்டு வருடம்தான் செல்லும். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்த மாதக்கணக்கில் ஆகலாம்.

உதவித்தொகை நிச்சயம் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். செவனிங்குக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.