நெல்லைச் சீமையில் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? மக்கள் அடர்த்தி வரைபடம் நீங்களே வரையலாம்

ராதாபுரம் பக்கம் எங்கள் ஊரையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் சேர்த்து ஒரு துணை சுகாதார நிலையம் கேட்டு மனு கொடுத்தோம். "அந்தப் பக்கம் ஆளே கிடையாதே" என்று பதில் வந்தது. செந்தேரி (செம்மணல் மேடு), பனங்காடு, உடைமரம் என்று கிடக்கும் நிலத்தைச் சராசரி போட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் நல்ல தண்ணீர் ஊறும் கிணற்றைச் சுற்றியும் சாலை ஓரத்திலும் கடற்கரையிலும் வீடுகள் நெருக்கியடித்து இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. அந்த ஆட்களைக் கண்ணில் காட்ட ஒரு வரைபடம் வேண்டியிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மென்பொருள். வரைபடம் வரைய கியூஜிஐஎஸ் போதும். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அட்டவணை வேலைக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கைத்தான் நான் சொல்வேன். கோப்பைத் திறக்கும்போதே எந்தப் பத்தி எண், எந்தப் பத்தி எழுத்து என்று கேட்டுவிடும். அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது கீழே புரியும்.

படி 1: தரவு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் 2011க்கான முதன்மைச் சுருக்க அட்டவணை கிடைக்கும். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027க்கு அறிவித்திருக்கிறார்கள். அதனால் கிராம அளவில் நம் கையில் உள்ள முழுக் கணக்கு இதுதான். அதில், தென்காசியும் சேர்ந்திருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் குறியீடு 628.

படி 2: வரிசைகளை வடிகட்டுதல்

அட்டவணையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று தனித்தனி வரிசை இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் ஒவ்வொருவரையும் இரண்டு முறை எண்ணியதாகிவிடும். 'மொத்தம்' வரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. 11 வட்டங்களையும் கூட்டினால் 30,77,233 வர வேண்டும். 61,54,466 வந்தால் வடிகட்டவில்லை என்று அர்த்தம்.

படி 3: குறியீட்டை எழுத்தாக வைத்திருத்தல்

நான் நான்கு நாள் நின்றது இந்த இடத்தில்தான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

வட்டக் குறியீடு ஐந்து இலக்கம். நம் வட்டங்களின் குறியீடுகள் சுழியில் தொடங்கும். அட்டவணையின் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) சாதாரணமாகத் திறந்தால் மென்பொருள் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சுழியைத் தின்றுவிடும். வட்டங்களின் எல்லைக் கோடுகள் உள்ள வரைபடக் கோப்பில், அதாவது எல்லைக் கோப்பில், சுழி அப்படியே இருக்கும். இரண்டையும் இணைத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரைபடமும் தோன்றும். ஆனால் மக்கள்தொகைப் பத்தி முழுக்க வெறுமையாக இருக்கும். எல்லைக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து நான் மூன்று தடவை புதிதாக இறக்கினேன்.

தீர்வு இதுதான். கால்க்கில் திறக்கும்போது குறியீட்டுப் பத்தியைச் சொடுக்கி அதன் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். அப்புறம் கியூஜிஐஎஸ்ஸில் சேர்க்கும்போதும் புல வகையைத் தானாகக் கண்டறியும் வசதியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கே மறுபடி சுழி போய்விடும். பிறகு அடுக்கின் பண்புகளில் 'ஜாய்ன்ஸ்' போய் இரண்டு குறியீட்டுப் பத்திகளையும் இணைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: பரப்பால் வகுத்தல்

தலைக்கணக்கை வைத்து நிறம் கொடுக்காதீர்கள். பெரிய வட்டம் எப்போதும் அடர்நிறமாகத் தெரியும். சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்று வகுத்தபின் நிறம் கொடுங்கள். கிராமங்களின் பரப்பு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் கிராம அட்டவணையில் ஹெக்டேரில் இருக்கும், 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்திலிருந்தே அளப்பதானால் 43ஆம் யூடிஎம் மண்டலத்தை (தீர்க்கரேகைப்படி பூமியைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். சென்னைக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் 44 என்று இருக்கும். நாம் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் நமக்கு 43.

இனி முக்கியமான விஷயம். அன்றைய மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,700 சதுர கிலோமீட்டர். வகுத்தால் சுமார் 460 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 555, கன்னியாகுமரி 1,111. நாம் காலியாக இருக்கிறோம் என்று தோன்றுகிறதல்லவா? களக்காடு முண்டந்துறைக் காட்டில் நம் மாவட்டத்துப் பகுதியை மட்டும் சுமார் 800 சதுர கிலோமீட்டர் என்று கழித்துப் பாருங்கள். 520ஐத் தாண்டிவிடும். அம்பாசமுத்திரம் வட்டத்தில் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரியும். மேற்கே மலையும் காடும். கீழே விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று தாமிரபரணியையும் அதன் கால்வாய்களையும் ஒட்டி ஊர்கள் கோர்த்துக்கொண்டு நிற்கின்றன. எகிப்தில் நைல் ஓரத்துச் சிறு நிலத்துக்குள் ஏறக்குறைய நாடே வாழ்வதைப் பள்ளியில் படித்திருப்போம். அதன் சிறிய வடிவம் நம் ஆற்றங்கரை.

காட்டின் எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் நான் கையாலேயே வரைந்தேன். பிறகு 'டிஃபரன்ஸ்' கருவியால் வெட்டி எடுத்தேன். ஒரு மாலை வேலை. இதைத் தவிர்க்காதீர்கள்.

படி 5: புள்ளிகள்

நிறம் பூசுவதைவிடப் புள்ளி வரைபடமே எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. 50 பேருக்கு ஒரு புள்ளி. ஆனால் கியூஜிஐஎஸ் புள்ளிகளைக் கிராம எல்லைக்குள் கண்டபடி தூவும். குளத்திலும் தேரியிலும் ஆட்கள் முளைத்துவிடுவார்கள். கணக்கெடுப்பு சொல்லும் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். அதற்குள் ஐந்தாறு குடியிருப்புகள் தள்ளித்தள்ளி இருக்கலாம், அவற்றுக்குத் தனி வரிசை கிடையாது. ஆகவே வீடுகள் இருக்கும் இடங்களை மட்டும் தனி வடிவங்களாக வரைந்து அவற்றுக்குள் புள்ளிகளைத் தூவுங்கள். எந்தக் குடியிருப்புக்கு எத்தனை புள்ளி என்பதற்கு நாங்கள் நேரில் போய் வீடுகளை எண்ணினோம். அதே அட்டவணையில் குடும்பங்களின் எண்ணிக்கையும் இருப்பதால், வீட்டுக்குச் சராசரி எத்தனை பேர் என்பதை வகுத்து எடுத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 1: தென்காசியிலிருந்து ஒரு தங்கை, தங்கள் ஊர் வரைபடத்திலேயே வரவில்லை என்று எழுதியிருந்தார். 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. அவர் எடுத்தது புதிய எல்லைக் கோப்பு, தரவோ 2011. திசையன்விளை, மானூர், சேரன்மகாதேவி வட்டங்களும் பின்னால் வந்தவைதான். தரவின் ஆண்டும் எல்லையின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் நகரப் பட்டியலில் தேடிக் காணவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 1994இல் இரண்டும் திருநெல்வேலி மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. மாநகராட்சியின் 4,73,637 பேருக்குள் 55 வார்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. வார்டு வரிசைகளைப் பாருங்கள். மேலப்பாளையத்தின் நெருக்கம் அங்கேதான் தெரியும்.

பின்சேர்க்கை 3: மாஞ்சோலையில் 2011இல் எண்ணப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல இப்போது மலையிறங்கிவிட்டன. அங்கே புள்ளி வைப்பவர்கள் வரைபடத்தின் அடியில் ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

எங்கள் வரைபடத்தில், நாங்கள் கேட்கும் இடத்தைச் சுற்றி 3 கிலோமீட்டர் வட்டம் போட்டு உள்ளே விழுந்த புள்ளிகளை எண்ணினோம். 5,000ஐத் தாண்டியது. ஏ3 தாளில் அச்சடித்து, குடியிருப்புவாரி வீட்டுக் கணக்கையும் பின்னால் இணைத்து, போன திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.